மூச்சுப்பிடி டிரைவரும் இரண்டங்குல அட்டையும்

மலையகத்தில் மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்க வேண்டிய வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வட்டவளையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இப்படி இன்னொரு வீட்டைக் காட்ட மாட்டார்கள். டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பெக்டரிக்குப் பின்னால், நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் இரட்டை வீட்டில் ஒரு பாதி அது. மறு பாதியில் நான் இருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதால் என்னை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அந்த வீட்டுக்காரரை எல்லோரும் மூச்சுப்பிடி டிரைவர் என்பார்கள். அவருடைய உண்மைப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அக்கா, புருஷன் பெயரைச் சொல்லாத வகையைச் சேர்ந்தவர். ஆகவே அந்தப் பெயர் இதுவரை வெளியே வரவில்லை.

நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள், அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று ஒரு தட்டில் வாழைப்பழத்தோடு போய் அவர் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "மூச்சப் புடி!" என்றது. நானும் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "ம்ம், விடலாம்" என்று கதவு திறந்தது. ஆறடிக்கு மேல் ஓர் ஆள், மேல்சட்டை இல்லாமல், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றார். அதுவும் தை மாதத்துக் குளிரில். நான் பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவரலாமா என்று யோசித்தேன்.

"பயப்படாதீங்க டீச்சர்" என்றார் பின்னால் நின்ற அக்கா. "படத்துக்குச் சட்டம் போடுறாரு. முடிஞ்சா மனுசனா ஆயிருவாரு."

அக்கா சொன்ன படம் ஸ்லைட். ஸ்லைட் என்றால் என்ன என்று இன்றைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கமராவில் போடும் ஒருவகை பிலிம் சுருள், கழுவி எடுத்தால் நிறம் மாறாமல் அப்படியே உருவம் தெரியும். தபால் முத்திரை அளவில் ஒவ்வொரு படமும் ஒரு குட்டிக் கண்ணாடிச் சன்னல் மாதிரி இருக்கும். அதைத் தனித்தனியாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்ட இரண்டங்குலச் சதுர அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டால் ஸ்லைட் தயார். புரொஜெக்டருக்குள் போட்டால் சுவர் அளவுக்குப் படம் விரியும். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் மூச்சுப்பிடியாரின் வேலை, விரதம், வெறி எல்லாமே. வயிற்றுப்பாட்டுக்குத் தோட்டத்து லொறி ஓட்டினார். பெக்டரியில் அரைத்த தேயிலையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவது அவர் உத்தியோகம்.

கமராவும் புரொஜெக்டரும் அவருக்கு வந்தது, நாட்டை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்ட பழைய தோட்டத்து டாக்டர் ஒருவரிடமிருந்து. சாமான்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனபோது, எடை கூடிப்போனதால் அந்த இரண்டையும் லொறியிலேயே விட்டுவிட்டுப் போனாராம். மூச்சுப்பிடியார் முதல் வேலையாக அக்காவைக் கொழுந்துக் கூடையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார். கொழும்பில் கழுவக் கொடுத்தார். அங்கேயே வெட்டி, அட்டை போட்டுக் கொடுத்தார்கள். ஆசை ஆசையாக வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்தால், அக்காவின் கன்னத்தில், பாய் அளவுக்கு, எவனோ ஒருவனுடைய பெருவிரல் ரேகை.

"எவன்டா அவன்?" என்றுதான் முதலில் கேட்டாராம். அக்கா என்ன பதில் சொல்வார்? கொழும்பில் எந்தக் கடையில் எந்தப் பையன் அட்டை போட்டானோ, அக்காவுக்கா தெரியும்? இரண்டு நாள் மனுசர் சோறு சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், இனிமேல் தன் படத்தை வேறொருவன் தொடக் கூடாது என்று தீர்மானித்தார். கழுவிய சுருளை வெட்டாமல் அப்படியே வாங்கி வந்து, வீட்டிலேயே சட்டம் போட ஆரம்பித்தார்.

சட்டம் போடுவதற்கு அவர் வைத்திருந்த சம்பிரதாயங்களைக் கேட்டால் கோயில் குருக்கள்கூட வெட்கப்படுவார். முதலில் அறையில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைப்பார். ஆவி ஏறித் தூசி எல்லாம் தரையில் படிய வேண்டுமாம். பிறகு ஆவி அடங்கும்வரை காத்திருப்பார். சன்னல் இடுக்கில் ஈரச்சாக்கு திணிக்கப்படும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் கம்பளியிலிருந்து பஞ்சு பறக்கும். தலையை நனைக்க வேண்டும், ஏனென்றால் பொடுகு. அடியில் மின்குமிழ் எரியும் கண்ணாடிப் பெட்டி மேல் பிலிமை விரித்து, கத்தரியைப் படத்துக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளிக்குக் கொண்டுபோவார். அந்த நேரத்தில்தான் அந்தக் கட்டளை வரும். எல்லோரும் மூச்சைப் பிடிப்போம். அக்கா பிடிப்பார். கதவோரம் கிடக்கும் நாய்கூடப் பிடிக்கும் என்று சொல்வார்கள். அதை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். லொறி ஸ்டீரிங்கை ஒற்றைக் கையால் வளைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கும் கை. விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழப் பருமன். அந்த விரல்கள் பிலிமின் ஓரத்தை மட்டும் பிடித்து, முகத்தைத் தொடாமல், அட்டையின் சன்னலுக்கு நேராக வைத்து, மேல் அட்டையை மூடி, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் நாலு ஓரத்தையும் ஒற்றி எடுக்கும்போது எனக்கு வாயடைத்துப் போகும். ஒரு தடவை நடுவில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. கத்தரியைக் கீழே வைத்தார், கதவைத் திறந்தார், சாத்தினார், வாசல் கடந்து ஓடினார், முட்டைக்கோவாப் பாத்தியின் கடைசியில் போய் நின்று மலையைப் பார்த்துத் தும்மினார். திரும்பி வந்து தலையை மறுபடி நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து வெட்டினார்.

அட்டைதான் அவருக்கு இருந்த ஒரே பஞ்சம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் கிடைப்பது நின்றுபோன பிறகு, அவர் கண் கல்யாணப் பத்திரிகை மேல் விழுந்தது. நல்ல தடிப்பு, நல்ல வழவழப்பு, பஞ்சு பறக்காது. அதிலிருந்து தோட்டத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் எல்லோரும் ஹட்டன் அச்சகத்தில் போய், "எங்க டிரைவர் ஒத்துக்கிற மாதிரி அட்டையா குடுங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று. அவர் வீட்டு ஸ்லைட் எதை எடுத்துப் பார்த்தாலும் ஓரத்தில் 'திருநிறைச்செல்வி' என்றோ 'தங்கள் நல்வரவை' என்றோ பொன்னெழுத்து இருக்கும்.

ஒருநாள் அக்காவின் தம்பி, வட்டவளையில் இருப்பவர், மூத்த மகளின் பத்திரிகையோடு வந்தார். நான் என் பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உள்ள வரலாமா மச்சான்?"

"ஸ்வெட்டரக் கழட்டு."

"ஐயோ, குளுருது மச்சான்."

"குளுந்தாப் பரவால்ல மாப்பிள. பஞ்சு பறக்கக் கூடாது. அந்தா வாளி இருக்கு, தலைய நனச்சுக்க."

பெண்ணைப் பெற்றவர் தலையை நனைத்துக்கொண்டு, பல் கிட்டிக்க, தாம்பாளத்தில் பத்திரிகையை நீட்டினார். மூச்சுப்பிடியார் அதை வாங்கி, பிரிக்காமல், காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் சுண்டினார். "ம்ம். நல்ல அட்டை மாப்பிள" என்றார். பெண் பெயரைக் கேட்கவில்லை, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்கவில்லை. தம்பி பஸ் ஏறுவதற்குள் அட்டை வெட்டியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்துக் குடும்பமே பட்டுக் கட்டிக்கொண்டு வட்டவளைக்குப் போனால், கல்யாண வீட்டில் பந்தல்காரர் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தார். தேதி இருந்த இடம்தான் சன்னலுக்காக வெட்டி எறிந்த துண்டு. அக்கா அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கொழும்பில் இந்தப் பிலிம் கழுவுவதை நிறுத்தியபோது, ஆள் இத்தோடு ஓய்ந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் சபரிமலைக்கு மாலை போட்ட சாமிமாரைப் பிடித்தார். வருடா வருடம் எங்கள் பக்கத்திலிருந்து கூட்டமாகப் போவார்கள். போகும்போது பிலிமைச் சென்னையில் கழுவக் கொடுத்து, வரும்போது சுருளாகவே வாங்கி வர வேண்டும். விமான நிலையத்து எக்ஸ்ரே மெஷினுக்குள் பிலிம் போனால் படம் புகைந்துவிடும் என்பதால், அதைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லி குருசாமியிடம் சத்தியம் வாங்கினார். குருசாமி இருமுடியை மெஷினுக்குள் அனுப்பச் சம்மதித்து, பிலிம் டப்பாவை அனுப்ப மறுத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். பின்னால் நின்ற சாமிமார் எல்லாம் சரணம் கூப்பிட, அதிகாரி டப்பாவைக் கையால் திறந்து பார்த்து அனுப்பினாராம். அரவணைப் பாயசத்தோடு பிலிமும் வந்து சேர்ந்தது.

இத்தனை பாடுபட்டதைக் காட்டுகிற நாள்தான் எங்களுக்குத் திருவிழா. பிள்ளை மடுவத்தின் நடுக்கதவில் நனைத்த வெள்ளைச் சீலையைக் கட்டுவார். நாங்கள் எல்லோரும் இந்தப் பக்க அறையில். அவர் மட்டும் புரொஜெக்டரோடு சீலைக்குப் பின்னால், அந்தப் பக்க அறையில். எங்கள் மூச்சு அவர் கண்ணாடியில் படக் கூடாது, அவ்வளவுதான் காரணம். விளக்கை அணைத்ததும் சீலையில் வெளிச்சம் விழும். மூடுபனியில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள், ஆளைவிடப் பெரிதாக, பனித்துளி ஒட்டிய புருவத்தோடு எழுந்து வருவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன்னையே பார்த்துவிட்டு, "நானா இது? நான் இம்புட்டு அழகாவா இருக்கேன்?" என்று சத்தமாகக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது எங்கள் எல்லோருக்கும் இருந்த கேள்விதான். காலையிலிருந்து மாலைவரை 'வெரசா எடு, வெரசா எடு' என்று விரட்டப்படுகிறவர்களை நிறுத்தி, நிதானமாக, இவ்வளவு மரியாதையாகப் பார்த்த ஒருவர் எங்கள் நடுவில் இருந்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம் எங்களுக்குப் பிடிபடவில்லை. வருடா வருடம் காமன் கூத்தைப் படம் எடுப்பார், காட்ட மாட்டார். மாசியில் பிறை கண்டதும் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் ஆடி, சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிற வரைக்கும் நாட்கணக்கில் நடக்கும் கூத்து அது. எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள பொட்டலில் நடக்கும். ஆட்டக்காரர்கள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து, மூச்சுப்பிடியார் மேல் ரோட்டில் வெகு தூரத்தில் நின்றுதான் எடுப்பார். எடுத்த சுருள்களை, ஈரம் ஏறாமலிருக்க வறுத்த அரிசி முடிச்சோடு தகரப் பெட்டியில் வெட்டாமலே வைத்திருந்தார். கேட்டால், "சாமி காரியம். மெல்லிசு அட்டையில போட மாட்டேன். அதுக்குன்னு ஒரு அட்டை வரும்" என்பார்.

வரவில்லை. பத்திரிகைகள் வருடா வருடம் மெலிந்துகொண்டே போயின. பிறகு பத்திரிகையே வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது. போனில் வந்த முதல் கல்யாண அழைப்பை அவரிடம் காட்டியபோது, பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்துச் சுண்டினார்.

போன வருடம் தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் தொரை வந்தார். சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனுசர் என்று சொல்ல முடியாது. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குத் தண்ணீர் வசதியான இடம் தேடி, நேராகக் காமன் பொட்டலில் வந்து நின்றார். கொரோனா, பிறகு பெட்ரோல் வரிசை என்று சில வருடமாகக் கூத்து நடக்கவில்லை. பொட்டலில் முழங்கால் உயரத்துக்குப் புல். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். நானும் போனேன்.

"எனக்கு ஒங்க மேல கோபம் இல்ல" என்றார் தொரை. "நான் பாத்தப்ப அங்க புல்லுதான் இருந்திச்சு. கூத்து பழைய காலத்துல இருந்து அங்கதான் நடக்குதுன்னு கண்ணால காட்டுங்க. தவறணைய வேற எடத்துல போடுறேன். அளக்கிறவங்க வெள்ளிக்கிழமை வராங்க. அதுக்குள்ள காட்டணும்."

எல்லோரும் போனை எடுத்தார்கள். எல்லாப் போனிலும் முகங்கள். ரதியோடு முகம், மன்மதனோடு முகம், நாக்கை நீட்டிக்கொண்டு முகம். பின்னால் பொட்டலும் இல்லை, ஆறும் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. எந்த ஊரில் எடுத்தது என்று எடுத்தவனாலேயே சொல்ல முடியாது. தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டீச்சர், தூரத்துல நின்னு எடுத்தது ஒரே ஒரு ஆளுதான்" என்றார்.

மூச்சுப்பிடியார் மறுக்கவில்லை. "சுருள் இருக்கு. அட்டை கொண்டாங்க" என்றார். அன்று சாயங்காலம் லயம் லயமாகப் பெண்கள் டிரங்குப் பெட்டிகளின் அடியிலிருந்து தங்கள் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் கண்ணாடிச் சட்டத்தை உடைத்தே எடுத்து வந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுண்டினார், திருப்பிக் கொடுத்தார். "காணாது. சாமிக்குக் காணாது."

தலைவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யோவ், பொட்டலே போகப் போகுது! சாமி நிக்கிறதுக்கு எடமில்லாதப்ப அட்டை என்னய்யா அட்டை?"

"எடம் போச்சுன்னா இந்தப் படந்தான் எடம்" என்றார் மூச்சுப்பிடியார். "அத வளையிற அட்டையில போடச் சொல்றீங்களா?"

நான் என் வீட்டுக்குப் போய் அலுமாரியின் மேல் தட்டிலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை இறக்கினேன். நல்ல தடித்த அட்டை, பொன் ஓரம் போட்டது, கட்டுக் கூடப் பிரிக்கவில்லை. கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். ஒன்றை உருவிச் சுண்டினார். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இதுதான். இதுதான் டீச்சர்! ஏன் இம்புட்டு மிச்சமாக் கெடக்கு?"

"அந்தக் கல்யாணம் நடக்கல அண்ணே."

அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூச்சுப்பிடியார் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "அட்டை நல்ல அட்டை" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்து" என்று சத்தம் போட்டார். ஆறுதல் வார்த்தை என்று எனக்கு அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். இதைப் போல ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் அவரும் அக்காவும் நானும் உட்கார்ந்து வேலையை முடித்தோம். நான் நனைந்த தலையோடு சன்னல் வெட்டினேன். அக்கா ஒட்டுப் பொட்டு வைத்தார். ஆமாம், பொட்டுத்தான். ஸ்லைடை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று அடையாளத்துக்கு அக்காவின் சிவப்பு ஒட்டுப் பொட்டை மூலையில் ஒட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். நடுவில்தான் ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக அச்செழுத்து வெளியே தெரியும்படிதான் அவர் அட்டை மடிப்பார். அன்று என் அட்டைகளை எல்லாம் எழுத்து உள்ளே போகும்படி மடித்தார். ஒரு ஸ்லைடிலும் என் பெயர் தெரியவில்லை, அந்த ஆளின் பெயரும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. பிள்ளை மடுவத்தில் ஒழுக்கு. பெக்டரி மேல் மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளையடித்த சுவரில் காட்டலாம் என்று தொரையே இடம் கொடுத்தார். தோட்டமே ஏறி வந்துவிட்டது. தொரைக்கு முன்வரிசையில் நாற்காலி. மூச்சுப்பிடியார் அவர் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"சார், ஜெக்கட்டு."

"என்ன?"

"கழட்டணும் சார். பஞ்சு பறக்கும். வாளி அந்தப் பக்கம் இருக்கு, தலைய நனச்சுக்கலாம்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பொட்டல் போச்சு என்று நானும் முடிவுகட்டினேன். தொரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்தார். ஜெக்கட்டைக் கழற்றி, கைக்குட்டையை வாளியில் நனைத்துத் தலையைத் தடவிக்கொண்டு, ஜெக்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. சுவரில் காமன் கூத்து வந்தது. தீப்பந்தம், கிரீடம், தப்பு மேளக்காரர் வரிசை, சுற்றி நிற்கும் சனம். 'ஆ' என்றது கூட்டம். அடுத்த நொடியே சலசலப்பு. பெண்களுக்கெல்லாம் முந்தானை வலது தோளில் கிடந்தது. தப்படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அடிகுச்சி இடக்கையில்.

"ஆறு இந்தப் பக்கம் ஓடுது" என்றார் தொரை மெதுவாக. "நம்ம பொட்டல்ல அது வலது பக்கந்தானே? இது வேற எடம் மாதிரி இருக்கு."

"யோவ் டிரைவரே!" என்று தலைவர் இருட்டில் கத்தினார். "என்னய்யா இது?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு!" என்றார் மூச்சுப்பிடியார். அடுத்த ஸ்லைட், அதற்கடுத்த ஸ்லைட் என்று போட்டார். எல்லாவற்றிலும் ஆறு இடப் பக்கம். "நான் எப்பவும் இப்பிடித்தான பாக்குறேன்? படம் சரி. பொட்டல்லதான் ஏதோ மாறிக் கெடக்கு!"

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் கண்ணுக்குத் தப்புத் தெரியவில்லை. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மடியிலிருந்த ஜெக்கட்டை எடுத்தார்.

அப்போது பெண்கள் நடுவிலிருந்து அக்கா எழுந்தார்.

"என்னங்க, இத்தன வருசமா நீங்க சீலைக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க. நாங்க இந்தப் பக்கம் ஒக்காந்து பாத்தோம். எங்களுக்குச் சரியாத் தெரியணும்னு நீங்க மாத்தித்தான் போடுவீங்க. இன்னைக்கு எங்க பக்கத்துல வந்து நிக்கிறீங்க. ஆனா கை பழைய மாதிரியே போடுது."

அவருக்கு ஏறவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய், வெறுங்கையால், கொழுந்துக் கறை படிந்த விரலால், ஸ்லைடை வெளியே எடுத்தார். எங்கள் எல்லோருக்கும் மூச்சு நின்றது. யாரும் கட்டளை போடவில்லை. வேறு எவரும் அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அக்கா அதைத் திருப்பி, உள்ளே தள்ளினார்.

ஆறு வலப் பக்கம் வந்து ஓடியது.

பொட்டல் எழுந்து நின்றது. கீழ் லயத்தின் கூரைகள், ஆற்றுப் பாறை, அதற்கு மேலே மூடுபனி ஏறும் மலை. நடுவில் தீ. அதைச் சுற்றி, தூரத்தில் சின்னச் சின்னதாக, ஆனால் ஒவ்வொரு முகமும் யாரென்று தெரிகிற மாதிரி, நாங்கள். மூச்சுப்பிடியார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போனார். வருடங்கள் போயின. கூரை மாறியது, மரம் வளர்ந்தது, ரதி வேஷம் கட்டிய ஆள் மாறினார். பாறை அங்கேயே, ஆறு அங்கேயே, தீ அதே இடத்தில். தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. கோயிலில் தீபாராதனை நேரத்தில்கூட நாங்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

தொரை எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். ஆற்றின் மேல் அவர் நிழல் விழுந்தது. பாறையைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கல்லுல ஏறி நின்னுதான் நான் எடம் பாத்தேன்" என்றார். பிறகு திரும்பி, "தவறணைய பங்களாவுக்குக் கீழ போடுவோம். தண்ணிக்குக் குழாய் இழுத்துக்கலாம். டிரைவர், அந்த மொதப் படத்த இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

கூட்டம் போட்ட சத்தத்தில் மாடித் தகரம் அதிர்ந்தது. மூச்சுப்பிடியார் மட்டும் புரொஜெக்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "ஆடாதீங்க, ஆடாதீங்க, பல்பு போயிரும்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இந்த மாசியில் பொட்டலில் புல்லை வெட்டிக் காமன் ஊன்றினோம். சில வருடம் கேட்காத தப்புச் சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. மூச்சுப்பிடியார் வழக்கம்போல மேல் ரோட்டில், தன்னந்தனியாக, கமராவோடு நின்றார். கீழே நின்ற நாங்கள் எல்லோரும், ஆடுகிறவர்களும் அடிக்கிறவர்களும் உட்பட, அடிக்கடி அண்ணாந்து அவர் அங்கே நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டோம். அவர் நின்றால்தான் கூத்து நடக்கிறது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

எனக்கு அந்த மனுசரை மிகவும் பிடிக்கும். நடுச்சுவர் ஒன்றுதான் இடையில் இருந்தும் இதுவரை அவரிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துப்போவார். அக்கா இது வெளிவரும் பத்திரிகையை வாரா வாரம் வாங்கி அவருக்கு வாசித்துக் காட்டுகிறார் என்று தெரியும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.